ஸ்லாட் கிடைத்தது, விளம்பரம் ஓடவில்லை: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை கடிதங்கள் கொஞ்சம் அதிகம். பாதிக்கு மேல் ஒரே புலம்பல்தான்: "காசு கொடுக்கத் தயாராக இருக்கிறோம், தொலைக்காட்சி எங்கள் அரசியல் விளம்பரத்தைப் போட மாட்டேன் என்கிறது." கோலாலம்பூரில் முப்பது ஆண்டுக்குப் பக்கமாக விளம்பர நேரம் (ஸ்லாட்) விற்கிற மேசையில் உட்கார்ந்து பழகியவன் நான். அதனால் சில பதில்கள் மறுத்தவர்கள் பக்கத்திலிருந்தும் வரும், கோபிக்க வேண்டாம். பெயரும் ஊரும் சொல்லாமல் வந்த வாட்ஸாப் குரல் பதிவுகளை நான் கேட்கவில்லை. எழுத்தில் அனுப்புங்கள் என்று எத்தனை முறைதான் சொல்வது?

30 செகண்ட் ஸ்லாட் பதிவு செய்து முன்பணமும் கட்டிவிட்டோம். ஒளிபரப்புக்கு முதல் நாள் மாலை முடியாது என்கிறார்கள். இது ஒப்பந்த மீறல்தானே?
(கிளைச் செயலாளர், பட்டர்வொர்த்)

பதிவுத் தாளின் பின்பக்கத்தைப் படித்தீர்களா? படித்திருக்க மாட்டீர்கள், யாரும் படிப்பதில்லை. சாம்பல் நிறத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில், காரணம் சொல்லாமலே எந்த விளம்பரத்தையும் நிராகரிக்கலாம் என்ற பொருளில் ஒரு வரி கிடக்கும். நான் கையாண்ட தாள்கள் எல்லாவற்றிலும் இருந்தது. ஸ்லாட் விற்பது ஒரு மேசை, விளம்பரப் படத்தைப் போட்டுப் பார்ப்பது வேறு மேசை. முதல் மேசைக்காரர் மாத இலக்கை எட்ட வேண்டியவர், சிரித்த முகத்தோடு எதையும் வாங்கிக்கொள்வார். இரண்டாவது மேசைக்காரர் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டியவர். முன்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், பெரும்பாலும் தகராறில்லாமல் வரும். இந்தப் பகுதியில் எப்போதும் சொல்வதுதான்: நேரம் வாங்கியது வேறு, அனுமதி வாங்கியது வேறு. அடுத்த முறை ஸ்டோரிபோர்டை, அதாவது காட்சிகளை வரைந்த தாளை, முதலில் அனுப்புங்கள். சரி என்று மின்னஞ்சல் வந்த பிறகு கேமராவை எடுங்கள்.

எங்கள் விளம்பரத்துக்கு எம்.சி.எம்.சி. சான்றிதழ் வாங்க எத்தனை நாள் ஆகும்? மூன்று நாள் முன்னால் விண்ணப்பித்தால் போதும் என்று யூடியூபில் ஒருவர் சொன்னார்.
(கெப்போங் வாசகர்)

அந்த ஒருவர் சென்னையிலிருந்து பேசியிருப்பார். ஐயா, காணொளியில் எந்த நாட்டுக் கொடி பறக்கிறது என்றாவது பார்க்கக் கூடாதா? இந்தியாவில் எம்.சி.எம்.சி. என்றால் தேர்தல் ஆணையத்தின் கீழ் வரும் ஊடகச் சான்றளிப்புக் குழு. 1994 கேபிள் விதிகள் அங்கே அரசியல் விளம்பரத்தைத் தடுத்திருந்தன. 2004-இல் உச்ச நீதிமன்றம், முன்கூட்டியே சான்று வாங்கிக்கொண்டு ஒளிபரப்பலாம் என்று வழி திறந்துவிட்டது. உங்கள் மூன்று நாள் கணக்கு அங்கிருந்து வந்தது, அதுவும் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்கும் வேட்பாளர்களுக்கும் மட்டும்.

நம் எம்.சி.எம்.சி. தொடர்பு பல்லூடக ஆணையம். கட்சி விளம்பரத்துக்குச் சான்றிதழ் கொடுப்பது அதன் வேலை அல்ல. மருந்து விளம்பரம் என்றால் சுகாதார அமைச்சின் கே.கே.எல்.ஐ.யூ. என்ற விளம்பர அனுமதி எண் இருக்கிறதா என்று பார்ப்போம். இருந்தால் மளமளவென்று வேலை நடக்கும். கட்சி விளம்பரத்துக்கு அப்படி ஓர் எண்ணே கிடையாது. 1998-ஆம் ஆண்டுத் தொடர்பு பல்லூடகச் சட்டமும் அதன் கீழ் வந்த உள்ளடக்க நெறியும்தான் நிலையத்தின் கையில் இருப்பவை. நாளைக்கு வம்பு வந்தால் பதில் சொல்ல வேண்டியது உரிமம் வைத்திருக்கும் நிலையம். கையில் எண் இல்லை, தலையில் வம்பு உண்டு என்றால் நீங்களே என்ன செய்வீர்கள்?

அமெரிக்காவில் தொலைக்காட்சிகள் அரசியல் விளம்பரத்தை மறுக்கவே முடியாதாமே? இங்கும் அப்படிச் சட்டம் வந்தால் என்ன?
(கல்லூரி மாணவர், ஜார்ஜ்டவுன்)

கேள்விப்பட்டதில் பாதி சரி, தம்பி. அதிபர், செனட், பிரதிநிதிகள் சபை வேட்பாளர்களுக்கு அலைவரிசை உரிமம் பெற்ற நிலையங்கள் நியாயமான அளவு நேரம் விற்றே ஆக வேண்டும். வேட்பாளரின் விளம்பரத்தில் ஒரு சொல்லைக்கூட வெட்டக் கூடாது, ஓர் ஆளுக்குக் கொடுத்தால் எதிராளிக்கும் கொடுக்க வேண்டும். வெட்ட முடியாது என்பதால், அதில் வரும் அவதூறுக்கு நிலையத்தைப் பொறுப்பாக்க முடியாது என்று 1959-இல் அங்கத்து உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம் ஊர் நிலையங்கள் கேட்டால் ஏங்கிப்போகிற பாதுகாப்பு அது.

மீதிப் பாதி: மாநில, உள்ளூர் பதவிகளுக்கு நிற்பவர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. சிஎன்என் மாதிரி கேபிள் சேனலுக்கும் இல்லை. 2018 நவம்பரில் குடியேறிகளைப் பற்றி டிரம்ப் தரப்பு எடுத்த விளம்பரத்தை (அந்தத் தேர்தலில் டிரம்ப் வேட்பாளர் இல்லை) சிஎன்என் வாங்கவே இல்லை. என்பிசி ஞாயிறு இரவு அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தின் நடுவே ஓட்டிவிட்டு, மறுநாள் எதிர்ப்பு கிளம்பியதும் நிறுத்தியது. ஃபாக்ஸ் நியூஸும் நிறுத்தியது. அமைப்புகள், சங்கங்கள் கொடுக்கும் விளம்பரத்தை யாரும் தாராளமாக மறுக்கலாம். 1973-இல் வியட்நாம் போர் எதிர்ப்பாளர்களும் ஜனநாயகக் கட்சியும் சிபிஎஸ் தொலைக்காட்சியோடு மோதித் தோற்ற வழக்கிலிருந்து அதுதான் நிலை.

2004-இல் சூப்பர் பவுல் என்ற அமெரிக்கக் கால்பந்து இறுதி ஆட்டத்தின்போது மூவ்ஆன் என்ற அமைப்பு ஒரு விளம்பரம் கொண்டுவந்தது. சிறு பிள்ளைகள் பாத்திரம் கழுவுவார்கள், தொழிற்சாலையில் நிற்பார்கள், குப்பை அள்ளுவார்கள். புஷ் அரசு வைத்த கடனை யார் கட்டப் போகிறார்கள் என்று கடைசியில் ஒரு வரி வரும். சர்ச்சைக்குரிய விஷயங்களில் விளம்பரம் வாங்குவது எங்கள் கொள்கை இல்லை என்று சிபிஎஸ் மறுத்தது. ஆறு வருஷம் கழித்து, 2010-இல், அதே ஆட்டத்துக்குக் கருக்கலைப்பை எதிர்க்கும் ஓர் அமைப்பின் விளம்பரத்தை அதே சிபிஎஸ் ஏற்றது. கொள்கை தளர்ந்துவிட்டதாம். கொள்கை என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு ஏன் கொட்டாவி வருகிறது என்று இப்போது புரிகிறதா?

லண்டனில் படிக்கும் என் மகன், அங்கே டிவியில் கட்சி விளம்பரமே கிடையாது என்கிறான். நம்பலாமா?
(புக்கிட் மெர்தாஜாம்)

நம்பலாம். பிரிட்டனில் காசுக்கு அரசியல் விளம்பரம் போடுவது சட்டப்படி தடை. 2013-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் 9-க்கு 8 என்று மயிரிழையில் அந்தத் தடையை ஏற்றது. கட்சிகளுக்கு இலவச நேரம் தருகிறார்கள். உங்கள் மகன் கவனமாகத்தான் படிக்கிறான்.

எங்கள் ஒய்.பி.யின் (மக்கள் பிரதிநிதியின்) தீபாவளி வாழ்த்தை ஒரு சேனல் திருப்பி அனுப்பிவிட்டது. வாழ்த்துச் சொல்வதுமா அரசியல்?
(சேவை மையப் பணியாளர், செந்தூல்)

வாழ்த்தில் அரசியல் இல்லை. வாழ்த்துக்குப் பின்னால் என்ன மாட்டியிருந்தது?

எங்களிடம் ஒருமுறை இப்படி ஒன்று வந்தது. வேட்டி கட்டிய ஒய்.பி., பக்கத்தில் துணைவியார், முன்னால் ஐந்து முகமும் ஏற்றிய குத்துவிளக்கு, முறுக்குத் தட்டு. பேச்சிலும் குறையில்லை. மூன்றாவது முறை ஓட்டிப் பார்க்கும்போதுதான் ஒரு பெண் சொன்னார்: பின்சுவர் நாள்காட்டியில் கட்சிச் சின்னம், அதற்குக் கீழே தொகுதியின் பெயர். அது இடைத்தேர்தல் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த நேரம். திருப்பி அனுப்பினோம். அவர்கள் நாள்காட்டியைக் கழற்றிவிட்டு மறுபடி எடுத்தார்கள். இந்த முறை முறுக்குத் தட்டுக்குப் பக்கத்தில் கட்சிக் கொடி நிறத்தில் ஒரு மேசை விரிப்பு! அதையும் எடுங்கள் என்று கேட்டபோது தொலைபேசியில் எனக்குக் கிடைத்த தீபாவளி வாழ்த்தை இங்கே அச்சிட முடியாது.

உங்கள் காணொளியை நீங்கள் அனுப்பவில்லை, அதனால் இவ்வளவுதான் சொல்ல முடியும்: சின்னம், தொகுதி எண், "தொடர்ந்து ஆதரவு தாருங்கள்" என்ற வரி, இந்த மூன்றும் இல்லையென்றால் வாழ்த்து ஓடும். மூன்றில் ஒன்று இருந்தாலும் பார்ப்பவர் கண் அங்கேதான் போகும்.

தொலைபேசியில் கூப்பிட்டு, "மேலே சரி வரவில்லை" என்று மட்டும் சொன்னார்கள். மேலே என்றால் யார்? காரணம் கேட்க எங்களுக்கு உரிமை இல்லையா?
(ஒரு பொது அமைப்பின் செயலாளர், பிரிக்பீல்ட்ஸ்)

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

மறுப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். தன் கடையில் எதை விற்பது என்பது கடைக்காரர் முடிவு. ஆனால் மறுத்ததற்கு ஒரு துண்டுக் காகிதம் கூடக் கிடையாது என்பதுதான் இத்தனை வருஷமாக என் வயிற்றெரிச்சல். எங்கள் பிரிவில் அன்றாட ஸ்லாட் பட்டியல் பெரிய தாளில் அச்சாகி வரும். சாதாரண விளம்பரத்தின் எண்ணைப் பேனாவால் எழுதுவோம். "மேலே" கேட்க வேண்டிய விளம்பரம் என்றால் பென்சிலால் 'ஹோல்ட்' என்று எழுதச் சொல்வார்கள். பென்சில் எதற்கு? அழிக்கத்தான். மாலை நாலு மணிக்கு ஒரு அழைப்பு வரும், அந்த இடத்தில் சவர்க்கார விளம்பரமோ சமையல் எண்ணெயோ ஏறும், தாளில் ஒரு தடயமும் இருக்காது. என் கையாலேயே அழித்திருக்கிறேன். விளம்பரம் கொடுத்தவரிடம் "ஸ்லாட் நிறைந்துவிட்டது" என்று சொன்னதும் நான்தான். நிறைந்தது பொய்யில்லை, நாங்கள்தானே நிறைத்தோம்.

மேலே என்பது எப்போதும் அமைச்சு என்று நினைக்காதீர்கள். சில நேரம் அப்படியும் நடக்கும். 2011-இல், வாக்காளராகப் பதிந்துகொள்ளுங்கள் என்று இரு தரப்பு அரசியல்வாதிகளும் கலைஞர்களும் சேர்ந்து தோன்றிய ஒரு பாடல் காணொளியை ஒளிபரப்ப வேண்டாம் என்று நிலையங்களுக்கு நம் தொடர்பு பல்லூடக ஆணையத்திலிருந்து சொல் போனது ஊரறிந்த கதை. யூடியூபில் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் பல நேரம் மேலே என்பது அடுத்த மாடி, அவ்வளவுதான். யாரும் எதுவும் சொல்லாதபோதே, சொல்லிவிடுவார்களோ என்று பயந்து எடுத்த முடிவுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மறுபடி அமெரிக்காவை இழுக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒவ்வொரு நிலையமும் அரசியல் கோப்பு ஒன்று வைத்திருக்க வேண்டும். யார் நேரம் கேட்டார், எவ்வளவு விலை, ஏற்றார்களா மறுத்தார்களா, எல்லாம் அதில் ஏறும். முன்பு நிலையத்துக்கே போய்ப் புரட்ட வேண்டும். 2014 முதல் தொலைக்காட்சி நிலையங்களின் கோப்புகளை இணையத்திலேயே பார்க்கலாம். மறுப்பு அங்கேயும் மறுப்புதான், ஆனால் பேனாவால் எழுதிய மறுப்பு.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். காரணம் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று நம் சட்டத்தில் இல்லை. அதனால் நீங்களே தடயம் உண்டாக்குங்கள். தொலைபேசியை வைத்த கையோடு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: "இன்று மாலை 4.10-க்கு இன்னார் அழைத்து, எங்கள் விளம்பரத்தை ஏற்க இயலாது என்றார். நான் புரிந்துகொண்டது சரிதானா?" பதில் வந்தால் நல்லது. வராவிட்டாலும் தேதியும் நேரமும் உங்கள் பெட்டியில் இருக்கும். இன்னொன்று, எந்தக் காட்சி அல்லது எந்த வரி சிக்கல் என்று கேளுங்கள். ஏன் மறுத்தீர்கள் என்றால் வாய் திறக்காதவர்கள், எதை மாற்றலாம் என்றால் சில நேரம் திறப்பார்கள்.

டிக்டாக்கில் காசு கட்டிப் போடலாமா?
(பாயான் லெப்பாஸ்)

கட்சி விளம்பரம் முடியாது, 2019 முதலே வாங்குவதில்லை. ஆடிப் பாடிக் காசில்லாமல் போடுங்கள், யார் தடுத்தார்கள்?

வரிப்பணத்தில் ஓடும் அரசு ஒளிபரப்பு நிறுவனம் ஆர்.டி.எம். எதிர்க்கட்சிக்குச் சம நேரம் தர வேண்டாமா?
(ஈப்போ சாலை, கோலாலம்பூர்)

தர வேண்டும் என்பது உங்கள் ஆசை, என் ஆசையும்கூட. சட்டத்தில் அப்படி இல்லை. இலவச நேரம் கிடைத்தாலும் கத்தரிக்கோல் கூடவே வரும் என்பதை மறக்காதீர்கள். 2024 தேர்தலில் இந்தியாவின் தூர்தர்ஷன் கொடுத்த இலவச நேரத்திலேயே மார்க்சிஸ்ட் கட்சித் தலைவர் சீத்தாராம் யெச்சூரியின் உரையிலிருந்து சில சொற்களை எடுக்கச் சொன்னார்கள்.

டிவி விளம்பரச் செலவு வேட்பாளர் கணக்கில் வருமா?
(பிறை)

வேட்பாளர் தனக்காகப் போட்டால் வரும். நாடாளுமன்றத்துக்கு 2 லட்சம் ரிங்கிட், சட்டமன்றத்துக்கு 1 லட்சம் ரிங்கிட் உச்சவரம்பு. பிரைம் டைமில் நாலைந்து நாள் ஓட்டினாலே பெரும்பகுதி கரைந்துவிடும். கட்சி செலவழிப்பதற்கு அந்த உச்சவரம்பு இல்லை. நீங்கள் திரையில் பார்ப்பதெல்லாம் கட்சி விளம்பரமாகவே இருப்பது ஏன் என்று இப்போது தெரிந்திருக்கும். கணக்கை வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டுங்கள், என்னிடம் அல்ல.

இத்துடன் இரண்டு நிமிடக் காணொளி இணைத்துள்ளேன். எந்தச் சேனலாவது போடுமா? அவசரம்.
(பெயர் மட்டும், ஊர் இல்லை)

கைபேசியை நிமிர்த்திப் பிடித்து எடுத்திருக்கிறீர்கள், பின்னால் யாரோ தே தாரிக் ஆற்றுகிற சத்தம், 40-ஆவது செகண்டில் ஒருவரைப் பெயர் சொல்லித் திருடன் என்கிறீர்கள். போடாது. திருடன் வரியை எடுத்துவிட்டு, 30 செகண்டுக்குள் சுருக்கி, படுக்கைவாக்கில் எடுத்து அனுப்புங்கள். ஊர் பெயரையும் போடுங்கள்.