ஆறு மாசமா யோசிச்சது போதும் தம்பி, போஸ்டல் கோட எண்ண ஆரம்பிங்க

சிங்கப்பூர் துவாஸ்ல ஒரு கிடங்குல டெலிவரி பிளானிங் பாக்குற தம்பி ஒருத்தர் கேட்டிருக்காரு. வயசு 42, எக்செல்ல மேக்ரோ கொஞ்சம் போடுவாரு, இப்ப ஒரு புரோகிராமிங் லேங்குவேஜ ஒழுங்கா கத்துக்கணும்னு ஆசை. காசு கட்டி மூணு மாச பூட்கேம்ப் கோர்ஸ்ல சேரவா, யூடியூப் பாத்து படிக்கவா, புக்கு வாங்கவா, பைத்தானா ஜாவாவான்னு ஆறு மாசமா முடிவெடுக்க முடியலயாம்.

தம்பி, அந்த ஆறு மாசம் வீணா போச்சேன்னுதான் எனக்கு வருத்தம். லேங்குவேஜ் கேள்விய சீக்கிரமே முடிச்சிடறேன், பைத்தான் எடுங்க. ஃபைல படிக்கணும், கணக்கு போடணும், இன்னொரு ஃபைல்ல எழுதணும், இதுதான் உங்க வேலை, அதுக்கு பைத்தான்ல டைப் பண்ண வேண்டியது ரொம்ப கம்மி. லூப்பும் (ஒரே வேலைய திரும்பத் திரும்ப செய்ய வைக்கிறது) ஃபங்ஷனும் (ஒரு வேலைக்கான வரிகள பேரு வச்சு தனியா எழுதி வைக்கிறது) ஒரு தடவ நல்லா புரிஞ்சிட்டா ஜாவாவ பின்னாடி தேவைப்படும்போது பாத்துக்கலாம்.

எப்படி படிக்கிறதுங்கறதுலதான் நிறைய பேரு விட்டுட்டு போறாங்க. நான் இருபது வருஷமா புரோகிராம் எழுதுறேன், சனிக்கிழமையில நம்ம ஆளுங்களுக்கு சொல்லியும் தர்றேன். வீடியோ பாக்குறப்ப எல்லாம் புரியுது அண்ணேம்பாங்க, நிஜமாவே புரியவும் செய்யும், ஆனா ஒரு காலி ஃபைல தொறந்து குடுத்தா முதல் வரி வராது. ஏன்னா அடுத்து என்ன எழுதணும்னு முடிவு பண்ற வேலைய அதுவரைக்கும் வீடியோல உள்ளவருதான் செஞ்சிருப்பாரு. அதனால உங்க வேலையில இருந்தே சின்னதா ஒண்ண எடுங்க: இன்னிக்கி உள்ள ஆர்டர்ல எந்த ஏரியாவுக்கு எத்தன போகுது?

நம்ம ஊர்ல போஸ்டல் கோடு 6 இலக்கம், முதல் ரெண்டும் செக்டர், அதாவது எந்த வட்டாரம்ங்கறது. சிஎஸ்வி ஃபைல (எக்செல் அட்டவணைய கமா போட்டு பிரிச்சு வச்ச சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்) படிச்சு, ஒவ்வொரு கோடுலயும் முதல் ரெண்ட வெட்டி எடுத்து, டிக்ஷனரியில, அதாவது ஒவ்வொரு செக்டருக்கு நேராவும் அதோட எண்ணிக்கைய வச்சுக்கற பட்டியல்ல, எண்ணிட்டே போனா முடிஞ்சது, இருபது வரி கூட வராது. இங்கதான் அருமையா ஒரு எடத்துல இடிக்கும் பாருங்க. மரினா பே சேண்ட்ஸ் கோடு 018956. போஸ்டல் கோடு நம்பர்தானேன்னு நெனச்சு அத இன்ட்டா, அதாவது முழு எண்ணா மாத்துனீங்கன்னா முன்னாடி உள்ள சைபர் போயிடும், 18956தான் மிஞ்சும், அதுல முதல் ரெண்ட எடுத்தா 18. விக்டோரியா ஸ்ட்ரீட்ல உள்ள நேஷனல் லைப்ரரி கோடு 188064, அதுவும் 18. ஆக மரினா பே ஆர்டர் எல்லாம் விக்டோரியா ஸ்ட்ரீட் கணக்குல போய் உக்காந்துக்கும், எரர் ஒண்ணும் வராது, கணக்கு மட்டும் தப்பா நிக்கும். ஸ்ட்ரிங்னா (எழுத்தா வச்சுக்கற தகவல்) என்ன, இன்ட்னா என்னன்னு புக்குல பத்து பக்கம் படிச்சாலும் மனசுல நிக்காது, இத ஒரு ராத்திரி தேடிக் கண்டுபிடிச்சவங்க ஆயுசுக்கும் மறக்க மாட்டாங்க. கூட்டி கழிச்சு கணக்கு போடாத எதையும் நம்பரா வச்சுக்க வேணாம், போன் நம்பருக்கும் இதே கததான்.

புக்கோ கோர்ஸோ ஒண்ணே ஒண்ணு துணைக்கு வச்சுக்கோங்க. பைத்தான் வெப்சைட்லயே டுடோரியல் இலவசமா இருக்கு, ஹார்வர்டோட சிஎஸ்50 பைத்தான் கோர்ஸும் இலவசம், ஒவ்வொரு வாரமும் எழுதிப் பாக்க பயிற்சி கணக்கு குடுப்பாங்க, அந்த கணக்க போடாம அடுத்த வாரத்துக்கு தாவாதீங்க. பழைய வீடியோ ஏதாவது மாட்டி அதுல பிரின்ட்டுக்கு பிராக்கெட் போடாம எழுதியிருந்தா மூடிடுங்க, அது பைத்தான் 2, அதுக்கு சப்போர்ட் 2020 ஜனவரி 1ஓட நின்னு போச்சு. எரர் வந்தா செவப்பா இவ்வளவு இருக்கேன்னு பயப்படாம கடைசி வரிய மொதல்ல படிங்க, என்ன தப்புன்னு அதுல இருக்கும், எந்த வரியிலன்னு அதுக்கு மேல இருக்கும். ஏஐ கிட்ட கேக்கலாமான்னா தாராளமா கேளுங்க, இந்த எரருக்கு என்ன அர்த்தம்னு கேளுங்க, எழுதிக் குடுன்னு மட்டும் இப்போதைக்கு கேக்க வேணாம்.

பூட்கேம்ப வேணாம்னு சொல்லல, இப்ப வேணாம்கறேன். நீங்க சிட்டிசனா இருந்தா 40 வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு 2024 மே மாசம் ஸ்கில்ஸ்ஃபியூச்சர்ங்கற அரசாங்க பயிற்சி திட்டத்துல போட்ட 4000 வெள்ளி உங்க கணக்குலயும் இருக்கும். அத குறிப்பிட்ட சில கோர்ஸுக்குத்தான் பயன்படுத்த முடியும், ஆனா காலாவதி ஆகாது, அதனால அவசரம் ஒண்ணும் இல்ல. ரெண்டு மூணு மாசம் தெனமும் வேலை முடிஞ்சு வந்து முக்கால் மணி நேரம் எழுதுங்க, துவாஸ்ல இருந்து எம்ஆர்டி ரயில்ல வர்ற நேரத்துல படிக்கலாம், ஆனா எழுதுறது வீட்டுல கீபோர்டு முன்னாடிதான். அதுக்கப்புறம் கிளாஸுக்கு போனீங்கன்னா வாத்தியார்கிட்ட கேக்க உங்க கையில கேள்வி இருக்கும், கட்டுன காசுக்கு அப்பதான் மதிப்பு.

ஒண்ணு மட்டும் கவனம் தம்பி, கம்பெனி ஃபைல அப்படியே பென்டிரைவ்ல போட்டு வீட்டுக்கு கொண்டு வராதீங்க, கஸ்டமர் பேரு, போன் நம்பர் எல்லாம் அதுல இருக்கும், தனிநபர் தகவல் பாதுகாப்பு சட்டம் வேற இருக்கு. அதே நெடுவரிசை தலைப்புகள வச்சு நீங்களே முப்பது வரி கற்பனையா டைப் பண்ணிக்கோங்க, சைபர்ல ஆரம்பிக்கிற கோடு நாலஞ்சு கண்டிப்பா இருக்கட்டும்.