எஸ்றா 2-ம் அதிகாரத்தில் மாட்டிக்கொண்டவர்களுக்கு

ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "வருடத்துக்குள் வேதாகமத்தை வாசித்து முடிக்கலாம் என்று ஆரம்பித்து எஸ்றா 2-ல் நின்றுவிட்டேன். இன்னாருடைய புத்திரர் இத்தனை பேர் என்று போய்க்கொண்டே இருக்கிறது. அடுத்த வாரம் ஜெபக்கூட்டத்தில் இதே அதிகாரத்தை நான்தான் பேச வேண்டும். பெயர்களின் அர்த்தம், எண்களின் ரகசியம் என்று தேட வேண்டுமா?"

வேண்டாம். பாபிலோனுக்குச் சிறையாகப் போன யூதர்களில் ஊர் திரும்பியவர்களின் பட்டியல்தான் இந்த அதிகாரம். பாரோஷின் புத்திரர் 2,172 பேர் என்றால் அந்தக் குடும்பத்தில் அத்தனை பேர் வந்தார்கள், அவ்வளவுதான். இன்னொன்று, குடும்பம் குடும்பமாகச் சொன்ன எண்களைக் கூட்டினால் எஸ்றாவில் 29,818 வருகிறது, இதே பட்டியல் இருக்கிற நெகேமியா 7-ல் 31,089 வருகிறது, ஆனால் இரண்டு இடத்திலும் மொத்தம் 42,360 என்றே எழுதியிருக்கிறது. இந்த எண்களின்மேல் ரகசியக் கணக்கு கட்டினால் நிற்காது.

நான் செய்வது இதுதான். ஒரே ஒரு வரியை எடுத்துக்கொண்டு, அந்த ஊரோ குடும்பமோ வேதாகமத்தில் வேறு எங்கே வருகிறது என்று போனிலேயே தேடிப் பார்ப்பேன். 23-ம் வசனத்தையே எடுங்களேன்: ஆனதோத்தின் மனிதர் 128 பேர். ஆனதோத் எருசலேமுக்குப் பக்கத்து ஊர், எரேமியா தீர்க்கதரிசியின் சொந்த ஊர். எரேமியா 11-ல் அந்த ஊர்க்காரர்களே, நீ கர்த்தருடைய நாமத்தில் தீர்க்கதரிசனம் சொன்னால் எங்கள் கையால் சாவாய் என்று அவரை மிரட்டுகிறார்கள், அவர்களில் மீதியாக ஒருவரும் இருக்கமாட்டார்கள் என்று கர்த்தர் கடுமையாகச் சொல்லிவிடுகிறார். அப்புறம் 32-ம் அதிகாரத்துக்கு வாருங்கள். பாபிலோன் சேனை எருசலேமை முற்றுகை போட்டிருக்கிறது, எரேமியா காவலில் இருக்கிறார், அந்த நேரத்தில் போய் அதே ஆனதோத்தில் ஒரு நிலத்தை 17 சேக்கல் வெள்ளி கொடுத்து வாங்கி, பத்திரத்தை மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார், இந்த தேசத்தில் மறுபடியும் வீடும் நிலமும் வாங்குவார்கள் என்ற ஒரே வாக்கை நம்பி. எதிரி கையில் போகிற நிலத்துக்கு யார் காசு கொடுப்பார்கள்? கி.மு. 538-ல் பெர்சிய ராஜா கோரேசு திரும்பிப் போக அனுமதி கொடுத்த பிறகு ஊர் திரும்பியவர்களில் அந்த 128 பேர் இருக்கிறார்கள். எரேமியாவைக் கொல்லப் பார்த்த ஊர், மீதியே இருக்காது என்று கேட்ட ஊர். இதை முதல்முதலாகச் சேர்த்து வாசித்த அன்று எனக்கு அதற்குமேல் வாசிக்க ஓடவில்லை.

ஜெபக்கூட்டத்துக்கு இந்த ஒரு வசனமே போதும். நேரம் இருந்தால் 61, 62-ம் வசனங்களையும் எடுங்கள். கோசின் புத்திரர் உட்பட மூன்று ஆசாரியக் குடும்பங்கள் தங்கள் வம்ச அட்டவணையைத் தேடிக் காணாமல், ஆசாரிய ஊழியத்திலிருந்து விலக்கப்படுகிறார்கள். நூற்றுக்கணக்கான மைல் நடந்து வந்தவர்களுக்கு ஒரு காகிதம் இல்லை என்பதால் கதவு மூடுகிறது, அதைக் கூட்டத்தில் வேகமாகக் கடந்துவிடாதீர்கள், சான்றிதழ் இல்லாமல் திரும்பி வந்தவர்கள் உங்கள் முன்னாலேயே உட்கார்ந்திருக்கலாம். ஆனாலும் அவர்களை யாரும் பாபிலோனுக்குத் திருப்பி அனுப்பவில்லை, பட்டியலிலிருந்து பெயரையும் எடுக்கவில்லை. சுமார் 90 வருடம் கழித்து நெகேமியா 3-ல் எருசலேமின் மதிலைக் கட்டும்போது கோசின் குமாரனாகிய உரியாவின் மகன் மெரெமோத் என்று ஒருவன் வருகிறான். அதே குடும்பம் என்றுதான் வேத ஆராய்ச்சியாளர்கள் பலர் நினைக்கிறார்கள். 4-ம் வசனத்தில் ஒரு பங்கைக் கட்டி முடிக்கிறான், 21-ம் வசனத்தில் இன்னொரு பங்கையும் எடுத்துக்கொள்கிறான், அது பிரதான ஆசாரியன் எலியாசிபின் வீட்டு வாசலில் தொடங்கும் பங்கு.