இந்த சூடு கொறையுமா? சில்வர் ஓக்க வெட்டுறதுக்கு முன்னாடி யோசிக்க வேண்டியது

ஏற்காட்டு நாகலூர் பக்கம் நாலு ஏக்கர் அராபிகா காப்பி வச்சிருக்கிற ஒரு தம்பி கேட்டிருக்காரு. காப்பி பூக்குறதுக்கு வேண்டிய பூ மழைய நம்ப முடியல, ராத்திரிக் குளிர் முன்ன மாதிரி இல்ல, வருசா வருசம் போரர்ங்கிற தண்டு தொளைக்கிற வண்டால செடி போகுது. வீட்ல பெரியப்பா சொல்றாராம், இதெல்லாம் சுழற்சி, தாது வருசப் பஞ்சத்தப்ப எவன் கார் ஓட்டுனான், சூரியன் சூடு கூடும் கொறையும், நாலு வருசம் பொறுத்தா பழைய மாதிரி ஆயிடும், அதுக்குள்ள நிழலுக்கு நிக்கிற சில்வர் ஓக் மரத்த வித்துட்டு காலி இடத்துல புது நாத்து வைக்கலாம்னு. தம்பி கேக்குறது, மனுசனால ஆச்சோ இயற்கையா ஆச்சோ, எனக்கு அதுல என்ன வித்தியாசம், மரத்த வெட்டலாமா கூடாதா?

வித்தியாசம் நெறைய இருக்குங்க தம்பி. சுழற்சியா இருந்தா பெரியப்பா சொல்றபடி காத்திருக்கிறதுதான் புத்திசாலித்தனம். ஆனா நீங்க இன்னைக்கு வைக்கிற நாத்து முப்பது நாப்பது வருசம் நிக்கப் போகுது, அந்த நாப்பது வருசத்துல சூடு எறங்குமா ஏறுமான்னு தெரியாம எந்த இடத்துல என்ன நிழல்ல வைக்கிறதுன்னு எப்படி முடிவு பண்ணுவீங்க?

முதல்ல பெரியப்பா சொல்றதுல சரியானத சொல்லிடுறேன். மழை ஏறி எறங்குறது இயற்கையாவும் நடக்குது. 1876-78 தாது வருசப் பஞ்சத்துக்குப் பின்னாடி பசிபிக் கடல் தண்ணி வழக்கத்த விட சூடாகுற எல் நினோ பெருசா இருந்துச்சு, மழை பொய்ச்சுது, அதுக்கு மேல வெள்ளக்காரன் தானியத்த கப்பல் ஏத்திட்டே இருந்தான், சேலம் ஜில்லா ஜனம் செத்து விழுந்துச்சு. 2016-ல வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டுல 60 சதவீதத்துக்கு மேல கொறஞ்சுதே, அந்த மாதிரி வருசம் இனியும் வரும், அதுக்கப்புறம் நல்ல மழை வருசமும் வரும். அதனால ஒரு வருசம் பூ மழை தவறுனத வச்சு பருவநிலை மாற்றம்னு நீங்க சொன்னாலும் சரியில்ல, அடுத்த வருசம் நல்லா பெஞ்சத வச்சு எல்லாம் பொய்னு அவரு சொன்னாலும் சரியில்ல.

சூடு விசயம் வேற. சேலம் கலெக்டர் காக்பர்ன் 1820-கள்ல ஏற்காட்டுல காப்பி வச்சு ஒரு தலைமுறை போன சமயத்துல, 1859-லயே லண்டன்ல ஜான் டிண்டால்ங்கிற விஞ்ஞானி கார்பன்-டை-ஆக்சைடு வெப்பத்த புடிச்சு வைக்கும்னு அளந்து காட்டிட்டாரு, அதனால இது நேத்து கெளப்பிவிட்ட கத இல்லீங்க. காத்துல அந்த வாயு தொழிற்சாலைக் காலத்துக்கு முன்னாடி பத்து லட்சத்துல 280 பங்கு, 1958-ல ஹவாய்ல கீலிங்ங்கிற விஞ்ஞானி அளக்க ஆரம்பிச்சப்ப 315, இப்ப 420-ஐ தாண்டிருச்சு. கூடுனது எங்கருந்து வந்துச்சுன்னும் தெரியும். மேட்டூர் அனல்மின் நிலையத்துல எரியிற மாதிரி நிலக்கரி கோடிக்கணக்கான வருசம் பூமிக்குள்ள கெடந்தது, நாளாக நாளாக தானா அழிஞ்சு போற கார்பன்-14ங்கிற வகை அதுல மிச்சமே இருக்காது, அத எரிச்சா காத்துல இருக்கிற கார்பன்-14 பங்கு நீர்த்துப் போகணும், நீர்த்துப் போனதத்தான் அளந்திருக்காங்க. எரிமலையெல்லாம் சேந்து விடுறது மனுசன் விடுறதுல நூத்துல ஒரு பங்கு கூட வராது.

சூரியன்னு சொல்றாரே, அதுக்கும் பதில் இருக்கு. 1978-லருந்து சாட்டிலைட் சூரியனோட சக்திய நேரா அளக்குது, இந்த சூட்டுக்கு ஏத்த மாதிரி அது ஏறவே இல்ல. அதுமட்டுமில்லாம சூரியன் காரணம்னா வளிமண்டலம் மேலருந்து கீழ வரைக்கும் சூடாகணும், இங்க கீழ சூடாகுது, மேல இருக்கிற ஸ்ட்ரேட்டோஸ்பியர்ங்கிற காத்து அடுக்கு குளுந்துட்டு வருது. வாயு கீழயே வெப்பத்த புடிச்சு வச்சா இப்படித்தான் ஆகும், எனக்கு இத விட தெளிவான சாட்சி வேற தேவப்படல. 2021-ல ஐ.நா.வோட பருவநிலை விஞ்ஞானிகள் குழுவான ஐபிசிசி அறிக்கை, மனுசனால சூடானதுல சந்தேகத்துக்கே இடமில்லன்னு எழுதுனது இதெல்லாம் சேத்துத்தான். விஞ்ஞானிங்க நடுவுல விவாதம் இல்லாம இல்ல, கார்பன் ரெட்டிப்பானா எத்தன டிகிரி ஏறும், இரண்டரையா நாலா, மேகம் என்ன பண்ணும், அதுல இன்னும் பேசிட்டிருக்காங்க. ஏறுமா ஏறாதாங்கிறதுல பேச்சு இல்ல.

பெரியப்பாவுக்கு உள்ளுக்குள்ள கோவம் எங்கன்னா, வெளிநாட்டுக்காரன் எரிச்சிட்டு நம்ம மேல பழி போடுறான்ங்கிறதுல தான்னு நெனைக்கிறேன். அந்த கோவம் ரொம்ப நியாயம். இதுவரைக்கும் காத்துல விட்டதுல கிட்டத்தட்ட கால்வாசி அமெரிக்கா ஒரு நாடே, இப்ப வருசா வருசம் விடுறத ஆளுக்கு கணக்கு போட்டா நம்மளுத விட அவங்களுது சுமார் ஏழு மடங்கு. அத அவருகிட்ட ஒத்துக்கிட்டு பேச்ச ஆரம்பிங்க. ஆனா யார் எரிச்சா என்னங்க, சூடு உங்க தோட்டத்துக்கும் வந்து சேருதே.

இப்ப தோட்டத்துக்கு வரேன். மலைல ஆயிரம் மீட்டர் ஏறுனா சுமாரா ஆறரை டிகிரி கொறையும், அப்படின்னா ஒரு டிகிரி சூடு ஏறுறது உங்க தோட்டத்த 150 மீட்டர் கீழ எறக்கி வச்ச மாதிரி. இந்தியாவுல 1901-லருந்து 2018 வரைக்கும் ஏறுனது 0.7 டிகிரி, அதுலயே நூறு மீட்டர் போச்சு. மேல ஏறிக்கலாம்னா சேர்வராயன் கோயில் உச்சியே 1,600 மீட்டர் சொச்சம் தான், அதுக்கு மேல மலை இல்ல. அராபிகாவுக்கு 15-லருந்து 25 டிகிரி வரைக்கும் தான் சௌகரியம். மார்ச் ஏப்ரல்ல சூடு ஜாஸ்தியாகி மொட்டு காஞ்சா பூ வெள்ளையா விரியாது, பச்சையா சின்னதா நட்சத்திரம் மாதிரி நின்னுடும், அது காய் புடிக்காது. உங்க செடில பாத்திருப்பீங்க.

இடத்த மாத்த முடியாத ஆளுக்கு சூட்ட கொறைக்க இருக்கிற முக்கியமான வழி நிழல். அதனால மொத்தமா வெட்டாதீங்க, அதான் என் பதில். சில்வர் ஓக்கு மட்டும் நிக்கிறதும் எனக்குப் புடிக்காது, அதோட நிழல் ரொம்ப மெல்லிசு, மொளகு ஏத்தவும் தடி விக்கவும் வசதின்னு வச்சது. நாலுல ஒண்ணுன்னு வருசத்துக்குக் கொஞ்சமா எடுங்க, எடுக்குறதுக்கு ரெண்டு மூணு வருசம் முன்னாடியே அந்த இடத்துல பலா, அத்தி மாதிரி நம்ம மலை மரம் வச்சு, கீழ் நிழலுக்கு கல்யாண முருங்கை போத்து நட்டுடுங்க. வனத்துறை ஆபீஸ்ல அனுமதி கேக்காம கோடாலி தொடாதீங்க. மழைக்கு முன்னாடி கொஞ்சம் கவாத்து பண்ணி வெளிச்சம் விடணும், இல்லன்னா ஏற்காட்டு பனிமூட்டத்துல இல அழுகும்.

போரர் விசயத்துலயும் நிழல்தான். அந்த வண்டு வெயில் படுற தண்ட தேடித்தான் பட்டை வெடிப்புல முட்டை வைக்கும். இல மஞ்சளாகி வாடுற செடி எதுன்னு பாத்து தண்ட கையால தடவுங்க, பட்டைக்கு அடில மேடு மேடா வரி தட்டுப்பட்டா உள்ள புழு இருக்குன்னு அர்த்தம். வண்டு பறக்குறது ஏப்ரல் மே, மறுபடி அக்டோபர்லருந்து டிசம்பர், அதனால மார்ச்லயும் செப்டம்பர்லயும் அந்த செடிய வேரோட புடுங்கி எரிச்சிடணும், ஓரமா குவிச்சு வச்சா அங்கருந்தே கெளம்பி வரும். மிச்ச செடிக்கு சாக்குத் துணில பட்டைய தேச்சு விட்டு சுண்ணாம்புத் தண்ணி அடிங்க.

ரொபஸ்டாங்கிற இன்னொரு காப்பி வகைக்கு மாறலாமான்னு அடுத்து கேப்பீங்க, 2024-ல வெல அப்படி ஏறுச்சு, போரரும் அத அவ்வளவா தொடாது. ஆனா அது ஆயிரம் மீட்டருக்குக் கீழ நல்லா வர்ற பயிரு, பூ மழை தவறுனா அராபிகாவ விட அதுக்குத்தான் அடி, தண்ணி பாய்ச்ச வசதி இல்லாம உங்க உயரத்துல வைக்காதீங்க. சந்திரகிரிங்கிற அராபிகா ரகத்து நாத்து வச்சா இலைத் துரு நோய தாங்கும், போரர தாங்காது, அதுக்கும் நிழல் வேணும். எது வைக்கிறதா இருந்தாலும் நிழல் மரம் தலைக்கு மேல வந்ததுக்கப்புறம் நாத்த குழில எறக்குங்க.