பெரியப்பா மகன் சிறுநீரகம் கொடுக்க முன்வந்தால் சட்டம் ஏற்குமா?

கேள்வி: என் கணவர் ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் மேஸ்திரியாக இருந்தவர். இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து, டயாலிசிஸுக்காக மலையிறங்கிச் சேலம் வந்து போகிறோம். நான் கொடுக்கலாம் என்றால் ரத்த வகை சேரவில்லை. அவருடைய பெரியப்பா மகன் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறார். அவராகவே முன்வந்திருக்கிறார். இதற்கிடையே ஒருவர், “கமிட்டிக்குப் போனால் இழுத்தடிப்பார்கள். கூடப் பிறந்தவர் என்று சான்றிதழ் வாங்கித் தருகிறேன், இரண்டு லட்சம் ஆகும்” என்கிறார். அவர் சொல்லும் மருத்துவமனைக்கு உரிமம் இருக்கிறதா என்பதும் தெரியவில்லை. நாங்கள் என்ன செய்வது?

பதில்: அன்புள்ள சகோதரி, முதலில் அந்த ஆளோடு பேச்சை நிறுத்துங்கள். உங்கள் கொழுந்தனார் கொடுப்பதற்குச் சட்டத்தில் நேர்வழி இருக்கிறது. சான்றிதழ் வாங்கித் தருவதாகச் சொல்லும் அந்த ஆள் காட்டும் வழியில் போனால் நியாயமான ஒரு தானம் குற்றமாக மாறிவிடும்.

மனித உறுப்புகள் மாற்றுச் சட்டம் 1994-ல் வந்து, 2011-ல் திருத்தப்பட்டது. கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், தாத்தா, பாட்டி, பேரன், பேத்தி ஆகியோர்தான் அதன் கணக்கில் நெருங்கிய உறவினர். பெரியப்பா மகன் அந்தப் பட்டியலில் இல்லை. நம் குடும்பங்களில் ஒரே வீட்டில் வளர்ந்த பிள்ளைகளை இப்படிப் பிரித்துப் பார்ப்பது மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் பட்டியலில் இல்லாதவர் கொடுக்கவே கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. பாசத்தினால் கொடுக்கிறார் என்றால், 9-ஆம் பிரிவின்படி அங்கீகாரக் குழுவின் (அந்த ஆள் ‘கமிட்டி’ என்றது இதைத்தான்) முன்அனுமதி வேண்டும். கொடுப்பவரும் பெறுபவரும் சேர்ந்தே மனு போட வேண்டும்.

குழு பார்ப்பது இரண்டு விஷயம்: உறவு உண்மையா, பணம் கைமாறுகிறதா. இரு வீட்டு ரேஷன் கார்டு, பள்ளிச் சான்றுகள், குலதெய்வக் கோயிலிலும் கல்யாணத்திலும் சேர்ந்து எடுத்த பழைய படங்கள் என்று இருப்பதையெல்லாம் திரட்டுங்கள். இருவரின் மூன்று ஆண்டு வருமான விவரமும் கேட்பார்கள். பட்டறைக் கூலிக்கு ரசீது இருக்காது என்று பயப்பட வேண்டாம், வருமானச் சான்றுக்குத் தாசில்தார் அலுவலகத்தில் இப்போதே விண்ணப்பியுங்கள். கொழுந்தனாரின் நெருங்கிய குடும்பத்தாரையும் குழு விசாரிக்கும். அவர் மனைவிக்கு மனவருத்தம் இருந்தால் அதுவும் பதிவாகும். ஆகவே அந்த அம்மாவிடம் இன்றே உட்கார்ந்து பேசுங்கள். ஒளித்து வைத்துச் செய்கிற காரியம் இல்லை இது.

குழு இவ்வளவு துருவுவதற்குக் காரணம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 2025-ல் பள்ளிபாளையம் பகுதி விசைத்தறித் தொழிலாளர்களிடம் கடனைக் காட்டிச் சிறுநீரகம் வாங்கியதாகப் புகார் கிளம்பியது. அரசு விசாரணையைத் தொடர்ந்து இரண்டு தனியார் மருத்துவமனைகளின் மாற்று சிகிச்சை உரிமம் நிறுத்தப்பட்டது. ஏழை உடம்பைக் காப்பாற்றத்தான் இந்தக் கெடுபிடி. உங்களுக்கு அது தாமதமாகத் தெரிந்தாலும், கொழுந்தனாருக்கு அது பாதுகாப்பு.

இப்போது அந்த இரண்டு லட்சத்துக்கு வருகிறேன். நெருங்கிய உறவினர் என்று காட்டப் பொய்ச் சான்றோ பொய்ப் பிரமாணப் பத்திரமோ தயாரிக்க உடந்தையாக இருப்பது 19-ஆம் பிரிவின்படி குற்றம். 5 முதல் 10 ஆண்டு வரை சிறை, 20 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம். தரகரோடு சேர்த்து உங்கள் மீதும் கொழுந்தனார் மீதும் வழக்கு வரலாம். அந்த ஆள் பேசிய தேதி, அனுப்பிய செய்திகள் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்துக்கொண்டு எழுத்துமூலம் புகார் கொடுங்கள்.

உறுப்புக்கு விலையாக ஒரு ரூபாயும் தரக்கூடாது. ஆனால் தானத்தால் நேரடியாக அவருக்கு ஏற்படும் நியாயமான செலவையும், வேலைக்குப் போக முடியாத நாட்களின் கூலியையும் ஈடு செய்வதைச் சட்டமே விலையாகக் கருதுவதில்லை. கணக்கு எழுதி, குழுவிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். கையெழுத்துப் போட்டபின்கூட, அறுவைக்கு முன்வரை எப்போது வேண்டுமானாலும் அவர் மனம் மாறலாம். அதையும் அவரிடம் நீங்களே சொல்லுங்கள்.

உரிமம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பதிவில்லாத மருத்துவமனையில் மாற்று அறுவை செய்யவே கூடாது. பதிவு 5 ஆண்டுக்குத்தான், அதன்பின் புதுப்பிக்க வேண்டும். எந்த உறுப்புக்கு என்பதும் அதில் இருக்கும். கல்லீரலுக்கு வாங்கியதை வைத்துச் சிறுநீரகத்துக்குச் செய்ய முடியாது. சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். தயங்கினால் சென்னையிலுள்ள மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள் இயக்ககத்தில் விசாரியுங்கள்.

இன்னொரு வழியும் உண்டு. ரத்த வகை சேராததால் நீங்கள் ஒதுங்க வேண்டியதில்லை. உங்களைப் போலவே பொருந்தாத இன்னொரு குடும்பம் கிடைத்தால், நீங்கள் அவர்கள் வீட்டு நோயாளிக்கும், அவர்கள் வீட்டார் உங்கள் கணவருக்கும் மாற்றிக் கொடுக்கலாம். நெருங்கிய உறவினர்களுக்கு மட்டும் 2011 திருத்தம் தந்த வசதி இது. இதற்கும் குழு அனுமதி தேவை. அத்துடன் மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புக்காகத் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தின் காத்திருப்போர் பட்டியலிலும் மருத்துவமனை மூலம் கணவர் பெயரைப் பதியுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அதையும் காட்டுங்கள்.

குழு மறுத்தால் உத்தரவின் நகலை உடனே கேட்டு வாங்குங்கள். அது கைக்கு வந்த 30 நாட்களுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்ய வேண்டும்.