முதலில் நெக், அப்புறம்தான் மேல்பலகை: பேஸ் கிட்டார் வாங்க, விற்க கேள்வி-பதில்

கேள்வி: பத்து வருடமாக நடுத்தர விலையில் வாங்கிய ஐந்து தந்தி பேஸ் ஒன்றை வாசிக்கிறேன். இப்போது கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது. சிறிய பட்டறைகளில் கையால் செய்யும் பேஸ் ஒன்றை வாங்க ஆசை. விலை நாலைந்து மடங்கு. சத்தமும் அந்த அளவுக்கு நன்றாக இருக்குமா?

பதில்: இருக்காது. விலை ஏறுகிற வேகத்தில் நாதம் ஏறுவதில்லை. அதற்காக அந்தக் காசு வீண் என்றும் சொல்ல மாட்டேன். எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுத்தால் நிம்மதியாக வாசிக்கலாம்.

நல்ல பட்டறையில் உங்கள் காசின் பெரும்பங்கு நெக்குக்கும் (விரல் வைத்து வாசிக்கும் நீண்ட கழுத்து) ஃப்ரெட் (அதில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) வேலைக்கும் போகிறது. மரத்தை நன்றாகக் காயவைத்து, தோராயமாக அறுத்து, சில காலம் சும்மா வைத்து, அது எந்தப் பக்கம் திருகிக்கொள்கிறது என்று பார்த்த பிறகுதான் நெக்காகச் செதுக்குவார்கள். உள்ளே கிராஃபைட் பட்டைகள் வைப்பவர்களும் உண்டு. ஃப்ரெட்டுகளின் உச்சி எல்லாம் ஒரே மட்டத்தில் இருக்கும், ஓரங்கள் உள்ளங்கையில் உரசாது. தந்தியைத் தாழ்வாக வைத்து வாசித்தாலும் கரகரப்பு வராது. மழையும் வெயிலும் மாறி மாறி வந்தாலும் நெக்கை நேராக்கும் சாவியை அடிக்கடி தேட வேண்டியிருக்காது. வாரத்தில் நாலு நாள் மேடை ஏறுகிறவருக்கு இதன் அருமை தெரியும்.

உடம்பின் மேல் ஒட்டியிருக்கும் அழகு மரம் வேறு கதை. நான் முதன்முதலாக வாங்கிய விலையுயர்ந்த பேஸின் மேல்பலகை, தண்ணீரில் எண்ணெய் மிதப்பது போலப் பளபளக்கும். அதைப் பார்த்தே வாங்கிவிட்டேன். வீட்டில் வைத்து ட்ரஸ் ராடை (நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே வைத்த இரும்புக் கம்பி) திருப்பப் போனால், அதன் நட் ஏற்கெனவே கடைசி வரை இறுகிக் கிடந்தது. நெக்கோ இன்னும் தந்தியின் இழுப்புக்கு முன்னால் வளைந்தே நின்றது. விற்ற கடைக்காரர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதைச் சரிசெய்ய ஆன செலவு இன்றும் உறுத்துகிறது.

ஆகவே கடையில் பேஸைக் கையில் எடுத்ததும் ஆம்ப்ளிஃபையரில் சொருகாதீர்கள். மேல் தந்தியை முதல் ஃப்ரெட்டில் ஒரு கையாலும் கடைசி ஃப்ரெட்டில் இன்னொரு கையாலும் அழுத்திப் பிடியுங்கள். ஏழு, எட்டாம் ஃப்ரெட் அருகே தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடைவெளி, அதாவது சுமார் 0.3 மில்லிமீட்டர், இருந்தால் போதும். கூடவோ குறையவோ இருந்தால், உங்கள் கண்முன்னே ட்ரஸ் ராடைக் கால் சுற்று இரு பக்கமும் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். திருப்பத் தயங்கினால் காரணம் கேளுங்கள். அடுத்து, உடம்பில் தந்தி முடியும் பிரிட்ஜ் பக்கத்திலிருந்து துப்பாக்கி குறிபார்ப்பது போல நெக்கின் இரண்டு விளிம்புகளையும் பாருங்கள். ஒன்று மேலும் மற்றது கீழுமாகப் போனால் நெக் திருகியிருக்கிறது. அதை ட்ரஸ் ராடு சரிசெய்யாது. கடைசி ஏழெட்டு ஃப்ரெட்டுகள் மட்டும் மேலே தூக்கிக்கொண்டு நின்றாலும் அதேதான்.

அப்புறம் ஜி தந்தியில் நாலாம் ஃப்ரெட்டிலிருந்து எட்டாம் ஃப்ரெட் வரை ஒவ்வொரு சுரமாக மீட்டி, அது தானே அடங்கும் வரை காத்திருங்கள். எங்காவது ஒரு சுரம் மட்டும் சட்டென்று செத்துவிடும். நெக்கின் சொந்த அதிர்வும் அந்தச் சுரத்தின் அதிர்வும் ஒத்துப்போய், தந்தியின் சக்தியை நெக் உறிஞ்சிக்கொள்வதால் வருவது அது. புகழ்பெற்ற பேஸ்களிலும் இருக்கும். லேசாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் இவ்வளவு விலை கொடுக்கும்போது, அது எங்கே இருக்கிறது என்றாவது தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

கேள்வி: ஐந்து தந்தி பேஸ் இரண்டைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 34 அங்குல ஸ்கேல் (தந்தி அதிரும் நீளம்), மற்றது 35. சுருதி மிகத் தாழ்ந்த பி தந்திக்கு 35-தான் சரி என்கிறார்கள் நண்பர்கள். உண்மையா?

பதில்: பாதி உண்மை. ஒரே தந்தியை ஒரே சுருதிக்கு ஏற்றினால், நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப இழுவிசை கூடும். 34-லிருந்து 35-க்குப் போனால் கூடுவது சுமார் 6 சதவீதம், 36-க்குப் போனால் 12. தந்தி கொஞ்சம் விறைப்பாக நிற்கும், தொளதொளப்பு குறையும். பேஸ் கலைஞர் ஆண்டனி ஜாக்சனுக்காக ஃபோடெரா பட்டறை செய்த ஆறு தந்தி பேஸ் 36 அங்குலம். டிங்வால் நிறுவனம் ஃப்ரெட்டுகளை விசிறி போல விரித்து, பல மாடல்களில் பி தந்திக்கு 37, ஜி தந்திக்கு 34 என்று பிரித்துக் கொடுக்கிறது. அதே சமயம் சடோஸ்கி பட்டறையின் ஐந்து தந்தி பேஸ்கள் 34 அங்குலத்திலேயே நல்ல பி தந்திக்குப் பேர் வாங்கியவை. நெக்கின் விறைப்பு, உடம்போடு அது சேரும் இடம், நெக்கின் தலைப்பக்கம் தந்திகள் உட்காரும் பட்டியான நட்டை வெட்டிய நேர்த்தி, நீங்கள் போடும் தந்தியின் தடிமன் எல்லாம் சேர்ந்துதான் அந்தத் தந்தியைப் பேச வைக்கின்றன.

திறந்த பி தந்தியின் அடிப்படை அதிர்வெண் சுமார் 31 ஹெர்ட்ஸ். பெரும்பாலான மேடை ஸ்பீக்கர்களில் அது முழுதாக வராது. நாம் தெளிவு என்று உணர்வது அதற்கு மேலே பிறக்கும் துணைச் சுரங்களைத்தான். அதனால் திறந்த தந்தியை மட்டும் மீட்டி முடிவு செய்யாதீர்கள். பி தந்தியில் ஐந்தாம் ஃப்ரெட்டைப் பிடித்து, அதே ஈ சுரத்தைத் திறந்த ஈ தந்தியில் வாசியுங்கள். இரண்டும் ஒரு குடும்பத்துக் குரல் போல ஒலித்தால் நல்ல பேஸ். ஒன்று பேசுகிறது, மற்றது முனகுகிறது என்றால் ஸ்கேல் எத்தனை அங்குலமாக இருந்தாலும் வேண்டாம்.

இரண்டையும் ஒப்பிடும்போது பலர் ஏமாறும் இடம் சத்தத்தின் அளவு. பிரீஆம்ப் (உள்ளேயே ஒலியைக் கூட்டும் மின்சுற்று) உள்ள பேஸ் பெரும்பாலும் கூடுதல் சத்தமாக வரும். சத்தமாக இருப்பதை நம் காது சிறந்தது என்று எடுத்துக்கொள்ளும். சத்தத்தை ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, டோன் குமிழ்களை நடுவில் வைத்து, பிறகு வாசியுங்கள். தந்தியையும் பாருங்கள். ஒன்றில் நேற்று மாட்டிய புதுத் தந்தி, மற்றதில் ஆறு மாதத் தந்தி என்றால் நீங்கள் ஒப்பிடுவது தந்திகளையே. முடிந்தால் உங்கள் பழைய பேஸையும் எடுத்துப் போங்கள். பழகிய ஒன்றை அளவுகோலாக வைத்துக் கேட்கும்போது காது ஏமாறுவது குறையும். கடைசியாக, வாரை மாட்டி அரை மணி நேரம் நின்று வாசியுங்கள். நாலு கிலோவுக்கும் ஐந்து கிலோவுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தோள்தான் சொல்லும். கையை எடுத்ததும் ஹெட்ஸ்டாக் (நெக்கின் தலைமுனை) தரையை நோக்கிச் சாய்ந்தால், அந்தப் பேஸை ஆயுள் முழுக்க இடது கையால் தூக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: 1964-ல் செய்த ஃபெண்டர் ஜாஸ் பேஸ் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. எல்லாமே ஒரிஜினல் என்கிறார் விற்பவர். எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: ஜாஸ் பேஸ் 1960-ல் வந்தது. ஃபெண்டர் நிறுவனத்தை 1965 ஜனவரியில் சிபிஎஸ் என்ற அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனம் வாங்கியது. அதற்கு முந்தையது என்றாலே விலை தனி. ஆகவே 1964 என்ற எண்ணைச் சொல்ல விற்பவருக்கு நல்ல காரணம் இருக்கிறது. அவர் நேர்மையானவராகவே இருந்தாலும், அறுபது ஆண்டில் எத்தனை கை மாறியதோ, எத்தனை பேர் திறந்தார்களோ, அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

வரிசை எண் பொறித்த தகட்டை மட்டும் நம்பாதீர்கள். நாலு திருகுகளைக் கழற்றினால் தகடு வேறு பேஸுக்குப் போய்விடும். அதே நாலு திருகுகளைக் கழற்றி நெக்கை வெளியே எடுக்கச் சொல்லுங்கள். நெக்கின் அடிமுனையில் மாதமும் ஆண்டும் மையில் அச்சாகியிருக்கும். கூடவே நட்டின் அகலத்துக்கான ஓர் எழுத்து. ஜாஸ் பேஸுக்கு வழக்கமானது ஏ, அதாவது 1.5 அங்குலம். நெக் உட்காரும் குழிக்குள்ளும் பாருங்கள். வெளியே ஒரு நிறம், குழிக்குள் அதற்குக் கீழே இன்னொரு நிறம் தெரிந்தால் மறுபடி வண்ணம் பூசியிருக்க வாய்ப்பு அதிகம். ஃபெண்டரே ஒரு நிறத்தின் மேல் இன்னொன்றைப் பூசி அனுப்பியதும் உண்டு. அதனால் இதைத் தெரிந்த ஒருவர் பார்த்துச் சொல்வது நல்லது.

அடுத்து குமிழ்கள் இருக்கும் தகட்டைத் தூக்கச் சொல்லுங்கள். வால்யூம், டோன் குமிழ்களுக்குக் கீழுள்ள பாட்டுகளின் (பொட்டென்ஷியோமீட்டர்) முதுகில் எண் பதிந்திருக்கும். உதாரணமாக 3046405 என்று இருந்தால், 304 என்பது ஸ்டாக்போல் நிறுவனம், 64 ஆண்டு, 05 அந்த ஆண்டின் ஐந்தாவது வாரம். 137 என்று தொடங்கினால் சிடிஎஸ். இந்த எண், பேஸ் அதற்கு முன்னால் செய்யப்பட்டிருக்க முடியாது என்று மட்டுமே சொல்லும். பாட்டுகளை மொத்தமாக வாங்கி வைத்துப் பல மாதம், சில சமயம் ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தினார்கள். பற்றவைத்த ஈயத்தையும் உற்றுப் பாருங்கள். பழையது மங்கி, தூசி படிந்து இருக்கும். ஓர் இடம் மட்டும் வெள்ளி போல மின்னினால் அங்கே யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

ஃப்ரெட்போர்டில் உள்ள புள்ளிகளும் சாட்சி சொல்லும். 64-ன் பெரும்பகுதியில் மங்கலான களிமண் நிறம், அதன் பிறகு முத்துப் போல மினுங்குபவை.

தேய்ந்த ஃப்ரெட்டை மாற்றியிருந்தால் அது பெரிய குறை இல்லை. வாசிக்கும் கருவிக்கு அது டயர் மாற்றுவது போல. மறுவண்ணம் பூசியிருந்தால் விலை ஏறக்குறைய பாதிக்குக்கூட இறங்கும். சேகரித்து வைக்க அல்ல, வாசிக்கத்தான் வேண்டும் என்றால் அந்த மறுவண்ணப் பேஸையே தேடுங்கள். அதே மரம், அதே பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்). நான் மனதார அதைத்தான் சொல்வேன்.

இன்னொன்று, நாட்டு எல்லை தாண்டி வாங்குவதாக இருந்தால் ரோஸ்வுட்டைக் கவனியுங்கள். அந்தக் காலத்து ஃபெண்டர் ஃப்ரெட்போர்டுகளில் பெரும்பாலும் பிரேசில் ரோஸ்வுட். அது 1992 முதல் அரிய உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. 2019 நவம்பரில் மற்ற ரோஸ்வுட் வகைகளால் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு வந்தது. பிரேசில் ரோஸ்வுட்டுக்கு அந்த விலக்கு கிடையாது. தாள் இல்லாமல் அனுப்பினால் சுங்கத்தில் பேஸே போய்விடலாம்.

கேள்வி: என் பேஸில் உள்ள பிரீஆம்பைக் கழற்றிவிட்டு வேறு மாட்டலாமா?

பதில்: தாராளமாக. உடம்பில் புதிதாக ஓட்டை போடாமல் மாட்ட முடிகிறதா என்று மட்டும் பாருங்கள். கழற்றியதை, திருகு உட்பட, ஒரு பையில் போட்டுப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். விற்கும் நாளில் அந்தப் பைக்கும் விலை உண்டு.

கேள்வி: எனக்கென்று சொல்லிச் செய்த ஃப்ரெட் இல்லாத ஆறு தந்தி பேஸை விற்கிறேன். கொடுத்த விலையில் பாதிகூட யாரும் கேட்கவில்லை. கீறல்கூட இல்லை. ஏன் இப்படி?

பதில்: வருத்தமாகத்தான் இருக்கும். பேஸின் மீது குறை இல்லை. ஆறு தந்தி வாசிக்கிறவர்கள் குறைவு, அதில் ஃப்ரெட் இல்லாததை வாசிக்கிறவர்கள் இன்னும் குறைவு. நீங்கள் தேர்ந்தெடுத்த மரம், நெக்கின் அகலம், தந்தி இடைவெளி எல்லாம் உங்கள் கைக்காக. நாலு தந்தி ஜாஸ் பேஸ் வடிவத்தில், சன்பர்ஸ்ட் (நடுவில் வெளிர், ஓரத்தில் அடர்) நிறத்தில் இருப்பதை நாளைக்கே விற்கலாம். உங்களுடையதற்குரிய ஆள் எங்கோ ஒருவர் இருக்கிறார், அவர் கண்ணில் படும் வரை பொறுக்க வேண்டும். அவசரத்தில் அடிமாட்டு விலைக்குக் கொடுக்காதீர்கள்.

அவர் வரும்போது தயங்காமல் வாங்கும்படி விவரங்களை எழுதி வையுங்கள். கிலோ கணக்கில் எடை, ஸ்கேல், நட்டின் அகலம், பிரிட்ஜில் தந்தி இடைவெளி (19 மில்லிமீட்டரா, 16.5-ஆ என்பதே பலருக்கு முடிவைத் தீர்மானிக்கும்), பிரீஆம்புக்கு ஒரு 9 வோல்ட் பேட்டரியா இரண்டா. ஃப்ரெட்போர்டில் தந்தி அறுத்த தடம் இருந்தால், சன்னல் வெளிச்சத்தில் பக்கவாட்டில் படம் எடுத்துப் போடுங்கள். மறைத்து விற்றால் பொருள் திரும்பி வரும், இரண்டு வழிக் கூலியும் உங்கள் தலையில். அனுப்பும்போது தந்திகளை ஒரு சுற்று இரண்டு சுற்று தளர்த்தினால் போதும், முழுதாகத் தளர்த்த வேண்டாம். கெட்டிப் பெட்டிக்குள் ஹெட்ஸ்டாக் அந்தரத்தில் ஆடாதபடி, அதன் முன்னும் பின்னும் துணி திணியுங்கள். உடைவது பெரும்பாலும் அங்கேதான்.

கேள்வி: வெளியூரில் ஒருவர் மிகக் குறைந்த விலைக்கு ஒரு நல்ல பேஸ் தருகிறேன் என்கிறார். முன்பணம் கேட்கிறார். நம்பலாமா?

பதில்: பணம் அனுப்பும் முன் இரண்டு விஷயம் கேளுங்கள். வரிசை எண்ணின் பக்கத்தில் இன்றைய தேதி எழுதிய காகிதத்தை வைத்து ஒரு படம். நீங்கள் சொல்லும் சுரங்களை வாசித்து ஒரு வீடியோ. பேஸ் உண்மையிலேயே கையில் இருப்பவருக்கு இது ஐந்து நிமிட வேலை.

அந்த வரிசை எண்ணைக் களவு போனவற்றின் பட்டியல்களிலும், செய்த பட்டறையிடமும் விசாரியுங்கள். புகழ்பெற்ற பேஸ் கலைஞர் ஜாகோ பாஸ்டோரியஸின் ஃப்ரெட் இல்லாத ஜாஸ் பேஸ் 1986-ல் நியூயார்க்கில் களவு போய், சுமார் இருபது ஆண்டு கழித்து அதே நகரத்தில்தான் வெளிப்பட்டது. அவ்வளவு பேர் அறிந்த கருவியே அத்தனை காலம் மறைந்திருந்தது என்றால், மற்றவை எத்தனை கை மாறும் என்று யோசியுங்கள். களவுப் பொருள் என்று தெரிந்தால் உரியவர் வந்து கேட்பார், நீங்கள் கொடுத்த பணம் திரும்பாது. முதலில் வாங்கிய ரசீதின் படம் இருக்கிறதா என்று விற்பவரிடம் கேட்டுப் பாருங்கள். இல்லை என்றால், நேரில் போய்ப் பார்த்து வாசிக்காமல் ஒரு காசுகூட அனுப்ப வேண்டாம்.