டாக்டரம்மா என்னும் அழைப்பு

அன்புள்ள ஐயா,

இறுதித் தேர்வில் தேறி, ஓர் அரசு மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜனாக, அதாவது பயிற்சி மருத்துவராக, ஐந்தாவது மாதத்தில் இருக்கிறேன். வார்டில் பாட்டிமார் என்னை ‘டாக்டரம்மா’ என்று அழைக்கும்போது, எனக்குரியதல்லாத ஒன்றை எடுத்துக்கொண்டதுபோல் கூச்சமாக இருக்கிறது. நான் ஹவுஸ் சர்ஜன்தான் என்று அவர்களிடம் சொல்லிவிடலாமா? ஒருவர் தம்மை மருத்துவர் என்று உண்மையாகவே உணர்வது எப்போது?

ம.

அன்புள்ள ம.,

உங்கள் கூச்சத்தை மதிக்கிறேன். அதைச் சீக்கிரம் தொலைத்துவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டனும் உடன் பணியாற்றியவர்களும் அமெரிக்க மருத்துவ மாணவர்களைப் பற்றி 1957-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே மாணவர் பேராசிரியர் முன் தம்மை மாணவராகவும் நோயாளியின் முன் மருத்துவராகவும் உணர்வதைக் காட்டினார்கள். நோயாளி தம்மை மருத்துவராகவே காண்கிறார் என்று நம்பியவர்களிடம் அந்த உணர்வு கூடுதலாக இருந்தது. கன்சாஸ் பல்கலைக்கழக மாணவர்களை அருகிருந்து கவனித்து இன்னொரு சமூகவியலாளரான ஹோவர்டு பெக்கரின் குழுவினர் 1961-இல் வெளியிட்ட நூல் இதற்கு மறுப்பாக அமைந்தது. பொறுப்பு கைக்கு வராதவரை மாணவர் மாணவராகவே இருக்கிறார், ஆசிரியர் எதிர்பார்ப்பதை எண்ணியே நாளைக் கழிக்கிறார் என்றார்கள். என் அனுபவம் இவர்கள் பக்கமே நிற்கிறது.

நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது ஓர் இரவு, நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறிய முதியவர் ஒருவரின் அருகில் நின்றிருந்தேன். மூத்த மருத்துவர் வேறொரு வார்டில் இருந்தார். இருபது ஆண்டு அனுபவமுள்ள சிஸ்டர், நீரை வெளியேற்றும் ஃப்ரூசமைடு ஊசியை எடுத்து வைத்துக்கொண்டு, எத்தனை மில்லிகிராம் என்று என்னைக் கேட்டார். விடை அவருக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் கேஸ் ஷீட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டியவன் நான். 40 என்று எழுதிய பிறகு, அந்த மூச்சு சீராகும்வரை கட்டிலை விட்டு என்னால் நகர முடியவில்லை. எழுதியது பாடநூலில் உள்ள அளவுதான். ஆனால் தவறிப்போனால் பதில் சொல்ல வேண்டியவன் நானே என்பது அன்றுதான் உறைத்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். யாரைப் பார்த்து மருத்துவராகிறோமோ அவர்களுடைய பேச்சும் நம்மோடு ஒட்டிக்கொள்கிறது. எங்கள் யூனிட் சீஃப் ரவுண்ட்ஸில் நோயாளிகளைப் பெட் நம்பராலேயே குறிப்பிடுவார். மூன்றே மாதத்தில் நானும், கல்லீரல் நோயுற்ற ஒருவரை, அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, ‘பதினேழாம் பெட் சிரோசிஸ்’ என்று சொல்லத் தொடங்கியிருந்தேன். அப்படிச் சொல்கையில் நானும் மருத்துவர் கூட்டத்தில் ஒருவன் என்ற நிறைவு எனக்குள் இருந்தது. இன்று என்னை வருத்துவது அந்த நிறைவுதான். 2019 முதல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் மனப்பான்மைக்கும் அறநெறிக்கும் நோயாளியோடு பேசும் முறைக்கும் தனிப் பகுதி இருக்கிறது. அதை மனதார வரவேற்கிறேன். ஆயினும் அங்கே கற்றதை நிலைநிறுத்தவோ அழிக்கவோ, சீஃப் ஒரு நோயாளியிடம் பேசும் அரை நிமிடம் போதும்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். சொல்லிவிடுங்கள். ‘நான் ஹவுஸ் சர்ஜன், பாட்டி. பெரிய டாக்டர் ஒன்பது மணிக்கு வருவார், அதுவரை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று சொல்லுங்கள். அதன்பிறகும் அவர்கள் டாக்டரம்மா என்றே அழைத்தால், அந்த அழைப்பை ஏற்றுக்கொள்வதில் பிழையில்லை.