டேஷ்கேம் போட்டால் லாரி இன்சூரன்ஸ் குறையுமா?

கேள்வி: நாமக்கல்லில் 14 டாரஸ் லாரி ஓட்டுகிறேன். டேஷ்கேமும் (சாலையைப் பதிவு செய்யும் கேமரா) ஜிபிஎஸும் மாட்டினால் இன்சூரன்ஸ் 20 சதவீதம் குறையும் என்று கேமரா விற்பவர் சொல்கிறார். நம்பி வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் அந்த 20 சதவீதத்தை நம்பி வாங்காதீர்கள்.

உங்கள் பாலிசியில் ப்ரீமியம் இரண்டு துண்டாக இருக்கும். ஒன்று தர்ட் பார்ட்டி, அதாவது உங்கள் லாரியால் அடுத்தவருக்கு ஆகும் நஷ்டத்துக்கு. அந்தத் தொகையை மத்திய அரசு நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் அமலான அட்டவணைப்படி, மொத்த எடை 20 டன்னுக்கு மேல் 40 டன் வரையுள்ள சரக்கு லாரிக்கு ₹43,950. பத்து சக்கர டாரஸ் இதற்குள்தான் வரும். கேமரா ஒன்றல்ல, ஒன்பது மாட்டினாலும் இதில் ஒரு ரூபாய் குறையாது. பேரம் பேச இடமிருப்பது ஓன் டேமேஜ், அதாவது உங்கள் லாரிக்கே ஆகும் சேதத்துக்கான பகுதியில் மட்டும். அது ₹24,000 என்று வைத்துக்கொள்வோம். அதில் 10 சதவீதம் தள்ளினாலும் ₹2,400தான். வரிக்கு முந்தைய மொத்தத்தில் நாலு சதவீதம்கூட ஆகாது.

ஓடும் தூரத்தையும் ஓட்டும் விதத்தையும் வைத்து ப்ரீமியம் போட 2022 ஜூலையில் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ அனுமதித்தது உண்மை. ஆனால் அந்த ஆட்-ஆன்கள் (பாலிசியோடு சேர்த்து வாங்கும் கூடுதல் வசதிகள்) பெரும்பாலும் கார்க்காரர்களுக்குத்தான் விற்கப்படுகின்றன. 14 லாரி வைத்திருப்பவரிடம் கம்பெனி முதலில் கேட்பது கிளெய்ம் கணக்கு: நீங்கள் கட்டியது எவ்வளவு, அதில் கிளெய்மாகத் திரும்பிப் போனது எவ்வளவு.

பெரிய பணம் நோ கிளெய்ம் போனஸில் இருக்கிறது. கிளெய்ம் இல்லாமல் ஓடினால் ஓன் டேமேஜ் ப்ரீமியத்தில் கிடைக்கும் இந்தத் தள்ளுபடி 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று வருடாவருடம் ஏறும். 50-இல் இருக்கும் லாரிக்கு ஒரு கிளெய்ம் போட்டால் அடுத்த ரினிவலில் பூஜ்யம். மறுபடி 50-ஐத் தொடுவதற்குள் இழப்பு 50, 30, 25, 15, 5 என்று கூடி, ஒரு வருட ஓன் டேமேஜ் ப்ரீமியத்தில் 125 சதவீதம் ஆகிவிடும். ₹24,000-க்கு அது ₹30,000. ஒன்பதாயிரம் ரூபாய் பம்பருக்கு கிளெய்ம் போடுவது எவ்வளவு நஷ்டம் என்று பாருங்கள். குடோனில் ரிவர்ஸ் எடுக்கும்போது யார் யாரை இடித்தார்கள் என்று பின்பக்க கேமரா காட்டினால், இந்த மாதிரிச் செலவை இடித்தவரிடமே வாங்கிவிடலாம்.

அதைவிட முக்கியம், விபத்து நடந்த அன்று. பைக் ஓட்டி வந்தவர் எதிர்த்திசையில் வந்திருந்தாலும் எஃப்ஐஆர் பெரும்பாலும் பெரிய வண்டி மேல்தான் விழும். லாரி ஸ்டேஷனில் நிற்கும், பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து பார்க்க வேண்டும், லோடு கெடும். விபத்து நடந்த 48 மணி நேரத்தில் போலீஸ் முதல் தகவலை விபத்து நஷ்டஈட்டு வழக்கை விசாரிக்கும் ட்ரிப்யூனலுக்கு அனுப்ப வேண்டும் என்பது 2022 விதி. அதற்குள் வீடியோ விசாரணை அதிகாரியின் கையில் இருக்கட்டும். ஆனால் ஒன்று, வீடியோ இரண்டு பக்கமும் வெட்டும். உங்கள் டிரைவர் 80-ஐத் தாண்டி வந்திருந்தால் ஜிபிஎஸ் வேகம் திரையிலேயே தெரியும்.

கேமரா மாட்டியும் வீடியோ இல்லாமல் போவதற்குப் பெரும்பாலும் மெமரி கார்டுதான் காரணம். ஒரு 1080பி கேமரா சுமார் 10 மெகாபிட் வேகத்தில் எழுதினால் மணிக்கு 4.5 ஜிபி. முன்னும் பின்னும் இரண்டு என்றால் 9 ஜிபி. 64 ஜிபி கார்டு ஏழு மணி நேரத்தில் நிரம்பி, பழையதன் மேலேயே எழுதத் தொடங்கும். காலையில் உரசிய வண்டியை டிரைவர் மாலை வரை ஓட்டினால் அந்தக் காட்சி போயே போச்சு. 256 ஜிபி, ‘ஹை எண்ட்யூரன்ஸ்’ (ஓயாமல் எழுதினாலும் தாங்கும்) வகை வாங்குங்கள். அதிர்ச்சியை உணர்ந்து அந்த வீடியோவை அழியாமல் பூட்டிவைக்கும் ஜி-சென்சாரைக் குறைந்த உணர்திறனில் வையுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு ஃபைல் பூட்டிக்கொண்டு கார்டு அடைத்துவிடும். உள்ளே லித்தியம் பேட்டரி உள்ள கேமரா நம்ம ஊர் மே மாத வெயிலில் உப்பிவிடும், பேட்டரிக்குப் பதில் சூப்பர் கெபாசிட்டர் உள்ளதாகக் கேளுங்கள். கடிகாரத்தையும் பாருங்கள்: இந்திய நேரம் வைக்காமல் விட்டால் ஐந்தரை மணி நேரம் பின்தங்கிக் காட்டும், எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பது அதைத்தான்.

வயரிங்கில் ஒரு தப்பு அடிக்கடி நடக்கிறது. லாரியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரி சீரிஸில் சேர்ந்து 24 வோல்ட் கொடுக்கும். 12 வோல்ட் கேமராவுக்கு அதில் ஒன்றிலிருந்து மட்டும் லைன் எடுத்துவிடுகிறார்கள். அந்த பேட்டரி இறங்கிக்கொண்டே போகும், மற்றது அதிகமாகச் சார்ஜ் ஆகும். ஜோடியே சீக்கிரம் கெடும். 9 முதல் 36 வோல்ட் வரை தாங்கும் கேமரா வாங்கி, முழு 24 வோல்ட்டிலிருந்து, பேட்டரி பக்கத்திலேயே 3 ஆம்பியர் ஃப்யூஸ் போட்டு எடுக்கச் சொல்லுங்கள். இரவில் டிரைவர் பேட்டரி கட்-ஆஃப் சுவிட்சை அணைத்தால் பார்க்கிங் பதிவு இருக்காது, அது தெரிந்திருக்கட்டும். கேமரா மதிப்பை பாலிசியில் ஐஎம்டி 24-இன் (தனியாக மாட்டிய மின்சாதனங்களுக்கான பிரிவு) கீழ் சேர்க்கவும் மறக்காதீர்கள். பழைய டாரிஃபில் இதற்கு மதிப்பில் 4 சதவீதம், அதாவது ₹8,000 கேமராவுக்கு ₹320.

விபத்துக்குப் பிறகு கார்டைக் கழற்றி உறையில் போட்டு, தேதி, வண்டி எண் எழுதி வையுங்கள். வண்டிக்குப் புது கார்டு. வாட்ஸாப்பில் அனுப்பினால் வீடியோ சுருங்கி ஃபைலே மாறிவிடும், பென் டிரைவில் நகல் கொடுங்கள். கோர்ட்டில் காட்ட, சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-வது பிரிவுச் சான்றிதழ் வேண்டும். அதில் ஃபைலின் ஹாஷ் எண்ணும் (ஃபைல் மாறினால் இதுவும் மாறிவிடும்), உங்கள் கையெழுத்தோடு நிபுணர் கையெழுத்தும் உண்டு.

ஜிபிஎஸ் அறிக்கையில் நாற்பது நெடுவரிசை இருக்கும். நூறு கிலோமீட்டருக்கு எத்தனை திடீர் பிரேக், எத்தனை முறை 80-ஐத் தாண்டினார், இரவு 12 முதல் 5 வரை எவ்வளவு ஓட்டம் என்ற மூன்றை மட்டும் டிரைவர் வாரியாக மாதம் ஒருமுறை பாருங்கள். பார்த்து, அந்த டிரைவரைக் கூப்பிட்டுப் பேச வேண்டும். கேபினுக்குள் பார்க்கும் கேமரா போடுவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சொல்லாமல் மாட்டினால் அதன் மேல் துண்டு தொங்கும்.

முதலில் அதிகம் கிளெய்ம் போன நாலு லாரியில் மாட்டி ஒரு வருடம் பாருங்கள். ரினிவலுக்கு ஒன்றரை மாதம் முன்பே மூன்று வருட கிளெய்ம் பட்டியலையும் அந்த மூன்று எண்களையும் ஒரே தாளில் எழுதி, 14 லாரிக்கும் சேர்த்து மூன்று கம்பெனியிடம் கொட்டேஷன் கேளுங்கள். பழைய பாலிசி முடிந்து 90 நாள் தாண்டினால் போனஸ் போய்விடும். பேரத்தை அதுவரை இழுக்காதீர்கள்.